காட்டுக்குள் போன் எதற்கு? மலையேறும் இளைஞர்களின் மனதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

மலையேற்றம், பறவை பார்த்தல், அருவிப் பயணம் என்று இயற்கையைத் தேடிப் போகிற சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு வாக்கியங்கள் உடனே வந்துவிடும். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் போனாலும் போனைக் கீழே வைப்பதில்லை" என்பது ஒன்று. "இப்போதைய இளைஞர்கள் எல்லாம் டிஜிட்டல் டீடாக்ஸ், அதாவது போனிலிருந்தும் திரையிலிருந்தும் கொஞ்ச நாள் விடுதலை, தேடி நெட்வொர்க் இல்லாத இடமாகப் பார்த்துப் போகிறார்கள்" என்பது இன்னொன்று. நேர் எதிரான இந்த இரண்டும் ஒரே கூட்டத்தைப் பற்றி எப்படிச் சொல்லப்படுகின்றன என்று யாரும் நின்று யோசிப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஹோம்ஸ்டே நடத்துபவர் வைஃபை வைக்கலாமா என்று கணக்குப் போடும்போதும், மலைப்பாதைக்கு விதிமுறை எழுதும்போதும், பெற்றோர் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று தயங்கும்போதும் இந்த இரண்டில் ஏதோ ஒன்றை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

மனப்பான்மை என்றால் என்ன

ஒரு பொருளைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறார், அதைப் பார்த்தால் அவருக்கு என்ன தோன்றுகிறது, அதை வைத்து என்ன செய்யத் தயாராக இருக்கிறார், இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் உளவியலில் மனப்பான்மை என்கிறார்கள். மூன்றும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போன் இருந்தால் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டே அது மலையுச்சியில் ஒலிக்கும்போது எரிச்சல்படலாம், எரிச்சல்பட்டுக்கொண்டே எடுத்துப் பேசவும் செய்யலாம்.

ஊர்த் திருவிழாவில் கட்டுகிற மைக் செட்டை நினைத்துப் பாருங்கள். அது பிடிக்குமா பிடிக்காதா என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கூட்டத்தில் குழந்தை காணாமல் போய்விட்டால் அந்த நேரத்துக்கு அந்த மைக்தான் தெய்வம். கூழ் ஊற்றுகிற நேரத்தை அறிவிக்கவும் அது வேண்டும். அதே குழாய், ராத்திரி இரண்டு மணிக்கு, காலையில் பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளை படுத்திருக்கிற வீட்டின் சன்னலைப் பார்த்து அலறினால் அப்போது நம் பதில் வேறு. கருவி ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். அது என்ன வேலை செய்கிறது, எந்த நேரத்தில் செய்கிறது, யார் அதை முடிவு செய்கிறார்கள், சத்தம் யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து மனப்பான்மை மாறிக்கொண்டே இருக்கிறது.

காட்டுக்குள் இருக்கும் போனும் இப்படித்தான். ஒரே பொருளின் மேல் விருப்பமும் வெறுப்பும் சேர்ந்தே இருப்பதற்கு இருமனம் என்று பெயர். இதைக் குழப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருமனம் உள்ளவருக்குத் தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று நன்றாகவே தெரியும், இரண்டும் ஒரே சின்னப் பெட்டிக்குள் வருவதுதான் அவருடைய சிக்கல்.

இதுவரை பார்த்ததில் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: "தொழில்நுட்பம் பிடிக்குமா" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

போனோடு பிறந்தவர்களுக்குப் போன் பிடித்தே தீர வேண்டுமா

கணினியோடும் இணையத்தோடும் வளர்ந்த தலைமுறையை "டிஜிட்டல் பூர்வகுடிகள்" என்று 2001இல் அமெரிக்கரான மார்க் பிரென்ஸ்கி அழைத்தார், அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. அதோடு சேர்ந்து ஓர் ஊகமும் பரவிவிட்டது: பழகியவர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும் என்று. பழக்கம் வேறு, பிரியம் வேறு. வாரத்தில் ஐந்து நாளும் திரையைப் பார்த்தே சம்பாதிக்கிற, ராத்திரி பத்து மணிக்கும் அலுவலகக் குழுவில் செய்தி வந்து விழுகிற இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்தக் கருவியின் ருசி, அதைத் தாமதமாகக் கையில் வாங்கிய அறுபது வயதுக்காரரைவிட நன்றாகவே தெரியும். அதன் கசப்பும் அப்படித்தான்.

இன்னொரு ஊகம் ஆராய்ச்சிப் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு தொழில்நுட்பம் பயனுள்ளது, கையாள எளியது என்று தோன்றினால் மக்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்று 1989இல் ஃபிரெட் டேவிஸ் ஒரு மாதிரியை முன்வைத்தார். அலுவலகத்தில் புது மென்பொருள் வந்தால் ஊழியர்கள் அதை ஏற்பார்களா என்று பார்க்க அது நல்ல கருவி. மலையேற்றத்துக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் இடிக்கும். அலுவலகத்தில் சிரமம் குறைந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் மலையேறப் போகிறவர் கொஞ்சம் சிரமத்தையும் சேர்த்துத்தான் தேடிப் போகிறார். வழி தேடி நிற்பது, பெயர் தெரியாத பறவையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பது, யாராலும் கூப்பிட முடியாத தூரத்துக்குப் போவது, இதெல்லாம் பயணத்தின் பலனிலேயே ஒரு பங்கு. இந்தச் சிரமத்தையும் கருவி எடுத்துக்கொண்டால் அது பயனுள்ளது என்று தெரிந்தும் வேண்டாம் என்று தோன்றும்.

வழி, பாதுகாப்பு: இங்கே யாருக்கும் தயக்கம் இல்லை

போன் செய்கிற வேலைகளில் இளைஞர்கள் ஏறக்குறைய ஒருமனதாக ஏற்றுக்கொள்வது வழிகாட்டுவதையும் ஆபத்துக்கு உதவுவதையும்தான். இங்கேதான் ஆபத்தான தவறான எண்ணங்களும் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டவர் இல்லாவிட்டால் மேப் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜி.பி.எஸ். என்பது, சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புகிற சமிக்ஞைகளைப் போன் வாங்கி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து அவை வந்துசேர்ந்த நேரத்தை ஒப்பிட்டு, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிற முறை. இதில் போன் வாங்குகிறதே தவிர எதையும் மேலே அனுப்புவதில்லை. டவர் தேவைப்படுவது வரைபடத்தை இறக்குவதற்கு. அதை முன்னாலேயே வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட்வொர்க் இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி நகரும். திறந்த வானத்தின் கீழ் சுமார் 5 மீட்டர் துல்லியம் கிடைக்கும். அடர்ந்த சோலைக்காட்டிலும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் சமிக்ஞை இலைகளில் மங்கியும் பாறைகளில் பட்டுத் திரும்பியும் வருவதால் புள்ளி தடுமாறும். அப்போது புள்ளியை நம்பி ஓடைக்குள் இறங்கக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு லைவ் லொகேஷன் விஷயத்தில் நடக்கிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்று நம் போனுக்குத் தெரிவதும், அது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதும் இரண்டு தனித்தனி வேலைகள். முதலாவதற்கு வானம் போதும், இரண்டாவதற்கு டவர் வேண்டும். நெட்வொர்க் போன இடத்தில் லைவ் லொகேஷன் நின்றுவிடும், அம்மா பார்த்துக்கொண்டிருப்பது ஒரு மணி நேரத்துக்கு முந்தைய புள்ளியாக இருக்கலாம். அப்புறம் சமிக்ஞை பலவீனமான இடத்தில் போன் விடாமல் டவரைத் தேடுவதால் பேட்டரி வேகமாகத் தீரும், குளிரும் சேர்ந்துகொண்டால் இன்னும் சீக்கிரம். ஃபிளைட் மோடில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜி.பி.எஸ். வேலை செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டால் அவசரத்துக்குக் கொஞ்சம் சார்ஜ் மிஞ்சும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பலர் இளைஞர்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 மலைப்பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு செய்து உள்ளூர் வழிகாட்டிகளோடு போகும் திட்டத்தைத் தொடங்கியது. தீப்பிடிக்கும் பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். கையில் போன் இருப்பதைவிட, தீ வாய்ப்பு உள்ள நாளில் அந்தப் பாதைக்குச் சீட்டே கிடைக்காமல் போவது எவ்வளவோ பெரிய பாதுகாப்பு. இதுவும் தொழில்நுட்பம்தான், ஆனால் பயணி கிளம்புவதற்கு முன்னாலேயே தன் வேலையை முடித்துவிடுவதால் யாரும் இதைத் தொழில்நுட்பம் என்று எண்ணுவதில்லை.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸும், அதாவது வண்டியில் போவதற்கு இணையத்தில் முன்னாலேயே வாங்கும் அனுமதியும், அப்படியே. மறு ஆண்டு கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. பயணத்தின் தன்மையை இவ்வளவு மாற்றுகிற இந்தப் பகுதி, "காட்டில் தொழில்நுட்பம்" பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை.

பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இருபத்திரண்டு வயதுப் பெண் தோழிகளோடு மலையேறப் போகிறாள் என்றால் வீட்டில் கிடைக்கிற அனுமதியே "போன் ஆனில் இருக்கணும், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடணும்" என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. அவளுக்குப் போன் என்பது வெளியே போவதற்கான கதவு. "போனை வீட்டிலேயே வைத்துவிட்டு இயற்கையோடு ஒன்றிப் போங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. அதே போன் மலைமேலும் வீட்டுக் கண்காணிப்பைக் கொண்டுவந்து விடுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். இருமனம் என்று மேலே சொன்னேனே, அதன் கூர்மையான வடிவம் இதுதான்.

கவனம் எங்கே போகிறது

இனி, வேண்டாம் என்று தோன்றுகிற பக்கத்துக்கு வருவோம். இயற்கை ஏன் மனதுக்கு இதமாக இருக்கிறது என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் 1980களில் ஒரு விளக்கம் தந்தார்கள். கணக்குப் போடுவது, மின்னஞ்சல் எழுதுவது, நெரிசலில் வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்கு, சுற்றியுள்ள மற்றதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒன்றின்மேல் மனதை இழுத்துப் பிடிக்க வேண்டும். இதை முயற்சிக் கவனம் என்று சொல்லலாம். இது சீக்கிரம் களைத்துப் போகும். மேகம் நகர்வதையும் இலை அசைவதையும் பார்க்கும்போது கவனம் தானாகப் போகிறது, யாரும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில் முயற்சிக் கவனம் ஓய்வெடுத்துத் தேறிக்கொள்கிறது.

நோட்டிபிகேஷன் ஒலி இந்த ஓய்வைத்தான் கலைக்கிறது. பதில் போடாவிட்டாலும் யாராக இருக்கும் என்ற எண்ணம் ஓடத் தொடங்கிவிடும். 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், போன் போன்ற மின்னணுக் கருவிகள் எதுவும் இல்லாமல் நான்கு நாள் காட்டில் நடந்தவர்கள் படைப்பூக்கத் தேர்வு ஒன்றில் 50 சதவீதம் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். இந்த எண்ணை ஊரெல்லாம் மேற்கோள் காட்டுகிறார்கள். பலன் காட்டினால் வந்ததா, கருவி இல்லாததால் வந்ததா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

படம் எடுப்பதிலும் இப்படி ஒரு நுணுக்கம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் பொருட்களைப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைப் பற்றிய நினைவு குறைவாக இருந்ததாக லிண்டா ஹென்கல் 2014இல் எழுதினார். அதே ஆய்வில், ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை. 2016இல் டீல், சோபர்மன், பராஷ் மூவரும் செய்த ஆய்வுகளில் படம் எடுப்பது பல நேரங்களில் அனுபவத்தில் ஆழ்த்தி மகிழ்ச்சியைக் கூட்டுவதாகவே தெரிந்தது. பிறகு 2018இல் அதே மூவர் முக்கியமான ஒன்றைக் கண்டார்கள்: தனக்கென்று நினைவுக்காக எடுப்பவரைவிட, சமூக ஊடகத்தில் போடுவதற்காக எடுப்பவரின் மகிழ்ச்சி குறைகிறது, ஏனென்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை எடுக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது.

அதாவது, கேமராவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எடுக்கும் கணத்தில் மனம் பூவின் மேல் இருக்கிறதா, லைக் போடப்போகிறவர்களின் மேல் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. பதிவு செய்வதையும் பகிர்வதையும் ஒன்றாகப் போட்டுப் பேசினால் இது தெரியாமலே போய்விடும்.

பறவைகளையும் செடிகளையும் அடையாளம் காண உதவும் செயலிகள் பற்றிச் சுருக்கமாக: இவற்றை இளைஞர்கள் பொதுவாக விரும்புகிறார்கள், எனக்கும் நல்லதாகவே படுகிறது. ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி, பார்த்ததைப் பதிந்து அறிவியலுக்குத் தரவாக்கும் இ-பேர்ட் இரண்டும் கவனத்தைப் பறவையை நோக்கித்தான் திருப்புகின்றன. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைப் பக்கத்தில் வரவழைப்பது மட்டும் கூடாது. அந்தப் பறவை எதிரியோ இணையோ வந்திருப்பதாக நம்பி, இரை தேடவும் குஞ்சைக் காக்கவும் வேண்டிய நேரத்தை வீணாக்கும்.

இடத்தைக் காட்டிக்கொடுத்தல்

படத்தோடு அது எடுக்கப்பட்ட இடத்தையும் சேர்த்துப் போடுவது இடக்குறி. இதன் விளைவைப் போடுபவர் அனுபவிப்பதில்லை, இடம் அனுபவிக்கிறது. 2019 வசந்தத்தில் கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் நகருக்கு அருகே வாக்கர் கேன்யனில் பாப்பிப் பூக்கள் மலை முழுக்கப் பூத்தன. படங்கள் பரவ, பல்லாயிரம் பேர் அந்தச் சின்ன ஊருக்குள் வந்து குவிந்து, பூக்களுக்கு நடுவே மிதித்து உட்கார்ந்து படம் எடுத்தார்கள். நகர நிர்வாகம் ஒரு கட்டத்தில் வழியை மூடியது. 2023இல் மறுபடி பூத்தபோது தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள். தனியாக ஒருவர் மிதித்தால் தெரியாது, எல்லோரும் ஒரே குறியைப் பின்பற்றி ஒரே சரிவுக்கு வருவதில்தான் சேதம் இருக்கிறது.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்தது 2030. 2018இல் கேரள வெள்ளத்தால் மூணாறு பக்கம் வர நினைத்த பலரால் வர முடியவில்லை. 2030இல் எந்தச் சரிவில் பூத்திருக்கிறது என்ற செய்தி சில மணி நேரத்தில் எல்லோர் போனுக்கும் வந்துவிடும். அதற்குள் நமக்கு ஒரு பழக்கம் வர வேண்டும்: "நீலகிரி" என்று போட்டால் போதும், துல்லியமான இடம் வேண்டாம். பார்த்த செடிகளையும் விலங்குகளையும் பதிந்து பகிர உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அருகிவரும் உயிரினங்களின் சரியான இடத்தைத் தானாகவே மறைத்துவிடுகிறது, இ-பேர்டும் சில பறவைகளுக்கு அப்படிச் செய்கிறது. பகிரவும் செய்யலாம், காப்பாற்றவும் செய்யலாம் என்பதற்கு இவை நல்ல உதாரணம்.

டிரோன், ப்ளூடூத் ஸ்பீக்கர் இரண்டையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளுக்கு இதயத்துடிப்பு அளக்கும் கருவி பொருத்தி, மேலே டிரோன் பறக்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. பெரும்பாலான நேரம் கரடிகள் அசையக்கூட இல்லை, பார்த்தால் பொருட்படுத்தாதது போலத்தான் இருக்கும். உள்ளே துடிப்பு எகிறியிருந்தது, ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 123 துடிப்பு கூடிவிட்டது. "அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டுதானே இருந்தது" என்று சொல்வதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சொல்வதும் செய்வதும் ஏன் ஒத்துப்போவதில்லை

கேள்வித்தாளில் "காட்டில் போனை அணைத்து வைக்க விரும்புவேன்" என்று எழுதுபவர் அருவிக்குப் போனதும் ரீல்ஸ் எடுக்கிறார் என்றால் அவர் பொய் சொன்னார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த இடைவெளிக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. நல்ல பெயர் தருகிற பதிலையே எழுதத் தோன்றுவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. கை சட்டைப்பைக்குப் போவது பழக்கம், அதற்கு யோசனையே தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அணைத்து வைப்பதைத் தனியாளாக முடிவு செய்ய முடிவதில்லை. நண்பர் படம் கேட்பார், அலுவலகம் பதில் எதிர்பார்க்கும், வீட்டில் பதறுவார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொண்டால்தான் ஒருவரால் விலகியிருக்க முடியும்.

பின்லாந்தில் ஹமினா நகருக்கு அருகேயுள்ள உல்கோ-தம்மியோ தீவை 2023 கோடையில் போன் இல்லாத சுற்றுலாத் தீவாக அறிவித்தது இதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே நெட்வொர்க் உண்டு, தடையோ அபராதமோ இல்லை. போனைப் பையில் வையுங்கள் என்ற வேண்டுகோள் மட்டும். ஆபத்து என்றால் கூப்பிடலாம். "தீவில் இருந்தேன், அங்கே அப்படித்தான்" என்று ஊரில் சொல்ல ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது. இருமனம் கொண்டவருக்கு இப்படிப்பட்ட ஏற்பாடுதான் உதவும்.

மலையிலேயே வாழ்கிற இளைஞர்கள்

இந்தப் பேச்சிலெல்லாம் "இளைஞர்" என்றால் நகரத்திலிருந்து வருபவர் என்றே எடுத்துக்கொள்கிறோம். வழிகாட்டியாக முன்னால் நடக்கும் பழங்குடி இளைஞருக்கும் வயது இருபத்து நான்குதான். பல மலைக்கிராமங்களில் 2020இல் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய செய்திகளை மறந்திருக்க மாட்டோம். நமக்கு "நெட்வொர்க் இல்லாத அமைதி" என்று விளம்பரப்படுத்தப்படும் இடம் அவருக்கு, பிரசவ வலி வந்தால் 108ஐ அழைக்க முடியாத இடம், தேன் விற்ற பணம் ஜிபேயில் வந்ததா என்று பார்க்க ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டிய இடம். காட்டுக்குள் சத்தம் வேண்டாம், பாட்டை நிறுத்துங்கள் என்று முதலில் சொல்பவரும் அவர்தான், ஏனென்றால் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். தன் ஊரில் டவர் வேண்டும், பாதையில் ஸ்பீக்கர் வேண்டாம் என்கிற அவருடைய நிலைப்பாட்டில் எந்த முரணும் இல்லை. அந்த ஊருக்கு டவர் வருவதா என்பதை அவர்கள் சொல்லட்டும். வார இறுதிக்கு வந்துபோகிற நமக்கு நெட்வொர்க் வேண்டாம் என்றால் ஃபிளைட் மோடு நம் கையிலேயே இருக்கிறது.